எலியாவு நின்ன கல்லு

நம்ம கடற்கரையில உப்பளமெல்லாம் வர்றதுக்கு முந்தி, யூதமாருக ஒரு தெருவா குடியிருந்த காலமாம். அந்தத் தெருவுல எலியாவு எலியாவுன்னு ஒருத்தன். அவுக கூட்டத்துக்கு அவன் ஒருத்தன்தான் குருக்கள் வம்சம். திருநாளுக்கு அவன் கைதூக்கி ஆசி சொன்னாத்தான் சனத்துக்கு மனசு நெறையுமாம். ஆனா செத்தவுக கெடக்கிற கூரைக்குள்ள அவன் காலு படக்கூடாது, பட்டா ஆசி சொல்ல முடியாது. தீட்டு. பெத்தவுக, பெஞ்சாதி, பிள்ளைகன்னா விலக்கு உண்டு. கட்டிக்குடுத்த அக்காவுக்கு? இல்லையாம். கேட்டீகளா கூத்த!

அவனுக்கு ஒரு அக்கா, சிம்ஹா. தாயில்லாத பிள்ளைய இடுப்புல தூக்கி வளத்தவ. புருசன் கடலோட போயிட்டான், தனியா இருந்தா. ஒரு வருசம் காய்ச்சல் கண்டு, தெருவே கதவ அடைச்சுக் கெடக்கு. அவளும் படுத்துட்டா. திருநாளுக்கு முந்துன நாளு. விடிஞ்சதும் எலியாவு அக்கா வாசல்ல வந்து நிக்கான். நல்லாக் கேட்டுக்கிடுங்க, வாசக்கல்லு மேலதான் நிக்கான்.

"அக்கா! அக்கோவ்!"

சத்தமில்ல.

இருக்காளா, போயிட்டாளா? அவுக சட்டம் அவனுக்கு மனப்பாடம். தெருவுல சந்தேகம் வந்தா சுத்தம்னு வச்சுக்கிடலாம், கூரைக்குள்ள சந்தேகம் வந்தா தீட்டுதான். ஒரு காலத் தூக்கி வைப்பான், எடுப்பான். உள்ள ஏதோ மொனகுன மாதிரி இருந்துச்சாம். அக்காவா? காத்தா? "நாளைக்கு ஆசி சொல்ல நான் ஒருத்தன்தான இருக்கேன்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டானாம். வெயிலு உச்சிக்கு வந்துருச்சு. படுபாவி, நின்னுக்கிட்டே இருந்திருக்கான்.

மீன் வித்துட்டு வந்த பேச்சி, அடுத்த தெருக்காரி, அவனத் தள்ளிவிட்டுட்டு உள்ள போனா. வெளிய வந்து வாயப் பொத்திக்கிட்டா.

"போயிட்டாகய்யா. குடத்துக்கு நேரா கைய நீட்டிக் கெடக்காக. உடம்பு இன்னும் சூடு ஆறல. நீரு எம்புட்டு நேரமா இங்க நிக்கீரு?"



அவுக சபைப் பெரியவரு ஓடியாந்தாரு. விசயத்தக் கேட்டதும் தலையில அடிச்சுக்கிட்டாராம். "ஏலே, செத்தாளோன்னு சந்தேகம்னா எட்டி நிக்கச் சொன்ன அதே சட்டந்தானலே, உசுரு இருக்குமோன்னு சந்தேகம்னா எல்லாத்தையும் விட்டுட்டு உள்ள ஓடுன்னு சொல்லுது! அத எங்க தொலச்ச?"

அப்பத்தான் எலியாவு உள்ள போனானாம். இப்ப சந்தேகமே இல்ல, தீட்டுதான். தெரிஞ்சேதான் போனான். குடத்துத் தண்ணிய மோந்து அக்கா வாயில விட்டானாம். கடவாயி வழியா வழிஞ்சு போச்சாம்.

அந்தத் திருநாளுக்கு ஆசி சொல்ல ஆளில்ல. அதுக்கப்புறமும் அவன் கையத் தூக்கவே இல்லன்னு சொல்லுவாக.

அந்தத் தெரு இப்ப இல்ல, அவுகளும் கப்பலேறிப் போயிட்டாக. அவன் நின்ன கல்லு மட்டும் கெடக்கு. நம்ம ஊர்ல சீக்காளியப் பாக்கப் போறவுக யாரும் வாசல்ல நின்னு கூப்பிடுறதில்ல பாருங்க, தண்ணிச் செம்போட நேரா உள்ள போயிருவோம். யாராச்சும் தயங்கி நின்னா, "என்ன, எலியாவு கல்லுல நிக்கீரா?"ன்னு கேப்போம். கேட்டதும் காலு தன்னால உள்ள போயிரும்.