அண்ணி வண்டிக்கு முன் கேரியர்

நாத்தனார்: இதுவும் வேண்டாம், அண்ணி.

அண்ணி: இதுக்கு என்ன குறை?

நாத்தனார்: பாக்கவே... ஒல்லியா இருக்கு.

அண்ணி: பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்? என் சைக்கிளுக்குக் கேரியர் வாங்க வந்திருக்கோம். ஒல்லியா இருந்தா என்ன, குண்டா இருந்தா என்ன?

கடைக்காரர்: ஒல்லிதாம்மா, ஆனா எஃகு. பட்டை போட்டு, முன் சக்கரத்தைப் பிடிக்கற ஃபோர்க்குல இறுக்கற மாடல்.

நாத்தனார்: பட்டையா? ஏன், போல்ட் போட முடியாதா?

கடைக்காரர்: போன தடவையே சொன்னேனே. சாதா வண்டின்னா ஃபோர்க்குலயே ஓட்டை இருக்கும், போல்ட் போட்டு முடுக்கிட்டுப் போயிடலாம். இது குலுக்கல் தெரியாம இருக்க ஷாக் அப்சார்பர் வச்ச வண்டி. ஓட்டை கிடையாது. மேல் குழாய் நிக்கும், கீழ்க் குழாய் ஏறி இறங்கும். கேரியரோட ஒரு காலை மேலயும் ஒரு காலை கீழயும் மாட்டினா...

அண்ணி: முதல் பள்ளத்துலயே முறுக்கிக்கிட்டு உடையும். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

கடைக்காரர்: அதான். எல்லாத்தையும் கீழ்க் குழாயிலதான் பிடிக்கணும்.

நாத்தனார்: பட்டை நழுவும்.

கடைக்காரர்: அடியில ரப்பர் வச்சு இறுக்கினா நழுவாது.

நாத்தனார்: ரப்பர் உரசி பெயிண்ட் போயிடும்.

அண்ணி: போகட்டும். என் வண்டி, என் பெயிண்ட். உனக்கு எங்க வலிக்குது?

நாத்தனார்: எனக்கு எங்கயும் வலிக்கல. யார் சொன்னா வலிக்குதுன்னு?

அண்ணி: ...பேச்சுக்குச் சொன்னேன். அண்ணே, அந்த இன்னொண்ணை எடுங்க. சக்கரத்து அச்சுல மாட்டறது.

கடைக்காரர்: இது கெட்டி. கால் ரெண்டும் அச்சுல உக்காந்துடும், மேல சும்மா ஒரு பட்டை போதும்.

நாத்தனார்: அப்ப பஞ்சர் ஆனா? சக்கரத்தைக் கழட்டறதுக்கு முன்னாடி கேரியரைக் கழட்டணும். அதுக்கு முன்னாடி பையைக் கழட்டணும். நடு ரோட்டுல கடை விரிச்சு உக்காரணும்.

அண்ணி: இத்தனை வருஷமா பஞ்சர் ஒட்டறது யாரு?

நாத்தனார்: நீங்கதான்.

அண்ணி: அப்ப கடை விரிக்கப் போறதும் நான்தானே. நீ பக்கத்துல நின்னு வேடிக்கை பாரு, எப்பவும் போல.

கடைக்காரர்: எவ்ளோ சுமை வைக்கப் போறீங்கம்மா?

அண்ணி: பின்னாடி ரெண்டு பை, முன்னாடி ரெண்டு பை.

நாத்தனார்: நாலு பையா? ஒரு வார சைக்கிள் பயணத்துக்கு? என்ன அண்ணி, வீட்டையே கழட்டி எடுத்துட்டு வரப் போறீங்களா?

அண்ணி: மலைமேல குளிரும்.

நாத்தனார்: போன வருஷமும் குளிரிச்சு. ரெண்டே பையோடதான் வந்தீங்க.

அண்ணி: போன வருஷம் நடுங்கினேன். உனக்குத் தெரியாது.

கடைக்காரர்: ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். முன்னாடி வைக்கற சுமை நேரா சக்கரத்து மேல உக்காரும், அதோட குலுக்கலுக்கு ஷாக் உதவாது. சக்கரத்தோட சேந்து குதிக்கும். ஹேண்டிலும் கனக்கும். ஒரு பக்கத்துக்கு நாலஞ்சு கிலோவோட நிறுத்திக்கங்க.

நாத்தனார்: பாத்தீங்களா? ஹேண்டில் கனக்குமாம். இறக்கத்துல ஆளையே இழுத்துட்டுப் போயிடும்.

கடைக்காரர்: அப்படி நான் சொல்லலையே...

நாத்தனார்: பேசாம ஃபோர்க்கையே மாத்திடலாமே? ஓட்டை வச்ச சாதா ஃபோர்க்கா?

கடைக்காரர்: மாத்தலாம். இந்த அளவு வரவழைக்கணும். மூணு வாரம் ஆகும்.

அண்ணி: கிளம்பறது வர்ற வெள்ளிக்கிழமை.

நாத்தனார்: தள்ளிப் போடலாம்.

அண்ணி: என்னது?

நாத்தனார்: அவசரப்பட்டு எதையாவது மாட்டிக்கிட்டுப் போறதுக்கு...

அண்ணி: இந்த லீவுக்கு நான் பட்ட பாடு தெரியுமா? பல் செட் செய்யற லேப்ல முதலாளி முடியவே முடியாதுன்னுட்டார். மேல் பல் வரிசை பதினொண்ணு பாக்கி இருக்கு, யாரு முடிப்பான்னு கேட்டார். பக்கத்து மேஜைக்காரி, என்னைவிட எட்டு வயசு சின்னவ, அவ கையைப் பிடிச்சுக் கெஞ்சி, எல்லாத்தையும் அவ தலையில கட்டிட்டு வந்திருக்கேன். நாள் முழுக்க ஊருக்கே பல் செஞ்சு கொடுக்கறவ, இப்ப உன்னால பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

கடைக்காரர்: நீங்க பேசி முடிவு பண்ணுங்கம்மா. நான் உள்ள ஒரு பிரேக் வேலையை முடிச்சிட்டு வர்றேன். கேரியரெல்லாம் இங்கயேதான் இருக்கும், எங்கயும் ஓடாது.

அண்ணி: பாரு, அந்த மனுஷனையும் விரட்டிட்ட.

நாத்தனார்: நான் உங்க நல்லதுக்குத்தான்...

அண்ணி: மூணாவது தடவையா வர்றோம். ஒண்ணு ஒல்லி, ஒண்ணு கறுப்பு, ஒண்ணு கடகடங்குது. வாங்காமலே எப்படிக் கடகடங்கும்?

நாத்தனார்: பாத்தா தெரியாதா?

அண்ணி: சரி, விடு. எனக்கு அலுத்துப் போச்சு. இந்த வருஷம் போக வேண்டாம்.

நாத்தனார்: சரி அண்ணி.

அண்ணி: சரியா?

நாத்தனார்: என்ன அப்படிப் பாக்கறீங்க?

அண்ணி: சண்டை போடுவேன்னு நினைச்சேன். பனியில டயர் வழுக்கினப்பகூட திரும்ப மாட்டேன்னு நின்னவ நீ. இப்ப மூச்சு விடறதுக்குள்ள 'சரி அண்ணி'ன்னு வந்துடுச்சு.

நாத்தனார்: நீங்கதானே சொன்னீங்க.

அண்ணி: கல்யாணத்தை நிறுத்த சீப்பை ஒளிச்சு வச்ச மாதிரி, பயணத்தை நிறுத்த என் கேரியரைப் பிடிச்சியா?

நாத்தனார்: அண்ணி, மெதுவா. அவருக்குக் கேக்கும்.

அண்ணி: கேக்கட்டும். நீ சொல்லு.

நாத்தனார்: ...முட்டி.

அண்ணி: முட்டிக்கு என்ன?

நாத்தனார்: ஸ்கேன் எடுத்தேன். ஜவ்வு கிழிஞ்சிருக்காம். சைக்கிள் மிதிக்கலாமாம், மிதிச்சா நல்லதுதானாம். சுமையோட ஏத்தம் ஏறக் கூடாதுன்னு மட்டும் டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். துணிமணி, போர்வை, அடுப்பு, பாத்திரம்... அதெல்லாம் இல்லாம எப்படிப் போறது?

அண்ணி: என்கிட்ட ஏன் சொல்லல?

நாத்தனார்: சொன்னா நீங்களும் போக மாட்டீங்க. வருஷம் பூரா இந்த ஒரு வாரத்துக்காக அந்த லேப்ல குனிஞ்சு கிடக்கறீங்க. என்னால கெட்டுதுன்னு ஆகறதுக்கு... கேரியர் சரியா அமையலன்னு போகட்டுமேன்னு நினைச்சேன். அதைத் திட்டிட்டு விட்டுடுவீங்க.

அண்ணி: வேற யாருக்குத் தெரியும்?

நாத்தனார்: அண்ணனுக்கு மட்டும். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.

அண்ணி: உங்க அண்ணன்கிட்டயா? சத்தியமா?

நாத்தனார்: ஆமா... ஏன் சிரிக்கறீங்க?

அண்ணி: நீ போன் வச்ச அஞ்சாவது நிமிஷம் அந்த மனுஷன் என்கிட்ட வந்து எல்லாத்தையும் கொட்டிட்டார். எனக்கு முன் கேரியர் ஆசையே அன்னைக்குத்தான் வந்துச்சு. முன்னாடி தொங்கப் போற ரெண்டு பையும் உன்னோடதுதான். முன்னாடியே சொன்னா தூக்கவே விட மாட்டேன்னு குதிப்ப, அதான் வாயைத் திறக்கல. நீ உன் வெறும் வண்டியை மிதிச்சுக்கிட்டு பக்கத்துல வா, போதும். இப்ப போய் அவரைக் கூப்பிடு, அந்த ஒல்லியையே மாட்டச் சொல்லலாம்.