பெயிண்ட்டின் மேல் முடுக்கிய போல்ட்

காரிலும் வேனிலும் எர்த் என்று நாங்கள் சொல்வது மண்ணுக்குப் போகிற கம்பி இல்லை, ஐயா. நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பேட்டரியிலிருந்து கிளம்பிய கரண்ட் வேலையை முடித்துக்கொண்டு பேட்டரிக்கே திரும்ப வேண்டும். அதற்காக இன்ஜினையும் சேசிஸையும் சேர்த்து விரல் தடிமனில் ஒரு பட்டை முடுக்குவோம். முடுக்கும் இடத்தில் வெறும் இரும்பு தெரிய வேண்டும். நடுவில் பெயிண்ட் இருந்தால் கரண்ட் கடக்காது.

பாப்பிரெட்டிப்பட்டியில் பதினேழு வருஷமாக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறேன். எதிர்ப்பக்கம் கோவிந்தண்ணனின் பெயிண்ட் ஷெட். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. காட்டப் போகிற வண்டி பார்வைக்குப் பளிச்சென்று இருக்க, அடிப்பக்கம் முழுக்கக் கருப்பு அடித்துவிடுவார். போல்ட், துளை என்று எதையும் விடமாட்டார். பிறகு வண்டி என்னிடம் வரும். நான் உப்புத்தாளால் அந்த ஒரு இடத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பட்டையை முடுக்குவேன்.

சுரண்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். வண்டியைக் கிளப்ப செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் வேறு வழி தேடும். பழைய வேன்களில் அதற்குக் கிடைப்பது ஆக்சிலேட்டர் கேபிள். மெல்லிய கம்பி, சூடேறும். கேபிளுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் தினம் கொஞ்சம் இளகும். ஒருநாள் மிதியிலிருந்து காலை எடுத்தாலும் கேபிள் திரும்பாது. இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கும்.

போன ஆடியில் பெரியண்ணன் என்கிற தக்காளி வியாபாரியின் வேன் சித்தேரி மலை இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்தது. அங்கேயே போய்விட்டார். பத்து நாள் முன்னால் அந்த வண்டியில் வேலை செய்தவன் நான். சுரண்டினேனா என்று ஞாபகம் வரவில்லை. வண்டியைத் தூக்கி ரோட்டில் போட்டதும் முதல் ஆளாகப் போய் அடியில் படுத்தேன். பட்டைக்குக் கீழே பெயிண்ட் அப்படியே இருந்தது. உதவி செய்கிறவன் மாதிரி அங்கேயே சுரண்டி, மறுபடி முடுக்கிவிட்டு எழுந்தேன். பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள், தூங்கிவிட்டார் என்றார்கள். நான் தலையாட்டினேன்.

மறுநாள் கோவிந்தண்ணன் டீ டம்ளரோடு வந்தார்.

"என்னா அல்போன்சு, பெயிண்ட்ட சொரண்டுனியா, இல்ல மேலயே முடுக்கிட்டியா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கால்விரலில் விழுந்தது. வலி தெரியவில்லை.

அதற்கப்புறம் எதிரே அவருடைய பெயிண்ட் கம்ப்ரஸர் ஓடினால் வேலையை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருப்பேன். நின்றால் இன்னும் மோசம். வேலையை முடித்துவிட்டார், ரோட்டைக் கடந்து வரப்போகிறார் என்று அர்த்தம். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். "கோயில்ல ஜெபம் பண்ணச் சொல்லட்டுங்களா?" என்று ஜெயராணி கேட்டாள். என் மனைவி. பேசாமல் இரு என்றேன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவர் அதே கேள்வியைக் கேட்டார். நாலு பேர் நிற்கும்போதும் கேட்டார். என் முகத்தையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது.

தை மாதம் அவரே பழைய வேன் ஒன்று வாங்கினார். தானே பெயிண்ட் அடித்து என்னிடம் கொண்டுவந்து விட்டார்.

"நல்லாப் பாத்து மாட்டு. நானும் உங்கக்காவும் ஏறுற வண்டி."

உப்புத்தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அவ்வளவுதான், ஐயா. பிரேக்கை அறுக்கவில்லை, டயரைத் தொடவில்லை. ஒரு வேலையைச் செய்யாமல் விட்டேன்.

மூன்றாம் நாள் வந்தார். "செல்ஃப் இழுத்து இழுத்து அடிக்குதுப்பா. ஆக்சிலேட்டர் கேபிளு வேற சுடுது."

"பேட்டரி பழசுங்கண்ணா. ஓட ஓடச் சரியாயிடும்."

நம்பிப் போய்விட்டார். நல்ல மனிதர்.

பத்தாம் நாள் காலை மலையில் புளி ஏற்றக் கிளம்பினார்கள். அவர் சம்சாரம் காவேரியக்கா ஏறுவதற்கு முன் என் பக்கம் திரும்பிக் கேட்டது. "தம்பி, மல எறங்குற வண்டி. நம்பி ஒக்காரலாமில்ல?"

"தாராளமா ஒக்காருங்கக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அக்கா இறங்கிவிட்டால், ஏன் என்று அண்ணன் கேட்பார்.

பெரியண்ணன் விழுந்த இடத்துக்கு இரண்டு வளைவு மேலே நடந்தது. நானும் ஓடினேன். இந்த முறை போலீஸ்காரர்கள் நீங்கள் முன்னாலேயே வந்து சுற்றிலும் கயிறு கட்டிவிட்டீர்கள். அடியில் படுக்க முடியவில்லை. பட்டைக்குக் கீழே இருந்த பெயிண்ட் உங்கள் கண்ணில் பட்டுவிட்டது.

இன்று காலை சாட்சி சொல்ல வந்த லேத் பட்டறை ராஜாமணி, நான் ஏன் செய்தேன் என்று கேட்டுவிட்டு, ஸ்டேஷன் வராந்தாவில் என்னைப் பார்த்து அழுதார். "அந்த ஒரு கேள்விக்காகவாடா? அத என்கிட்டகூடக் கேப்பாருடா. நான் வெறும் லேத்துக்காரன்."



கோவிந்தண்ணனையும் காவேரியக்காவையும் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். சேலம் ஜெயிலுக்கு மஞ்சவாடி கணவாய் வழியாகத்தானே கொண்டுபோவீர்கள்? வெளியே நிற்கிற உங்கள் வண்டிக்கு அடியில் புதுசாகக் கருப்பு அடித்திருக்கிறது. உள்ளே வரும்போதே பார்த்தேன். ஒரு துண்டு உப்புத்தாளும் ஒரு ஸ்பேனரும் கொடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. எவனோ அஜாக்கிரதையாக விட்டதற்கு ஒரு மனுஷ உயிர் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஐயா.