சோல்வே கொடுத்தது

சோல்வே: அம்மா, கதவத் திற. ட்ரையல் ரூமுக்குள்ள போய் எவ்வளவு நேரமாச்சு?

மாரித்: இரு, வர்றேன். கொக்கி மாட்டிக்கிச்சு.

சோல்வே: மாட்டிக்கிச்சா, மாட்டவே மாட்டேங்குதா?

மாரித்: ...மாட்ட மாட்டேங்குது.

சோல்வே: கடைக்காரம்மா அப்பவே சொன்னாங்க, அடுத்த சைஸ் எடுத்துட்டுப் போங்கன்னு. நீதான் கேக்கல.

மாரித்: இந்தச் சைஸ்ல போன வருஷம் நான் இடுப்புல ரெண்டு விரலை உள்ள விடுவேன்டி.

சோல்வே: போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில எலும்பும் தோலுமா கிடந்த. அதையெல்லாம் கணக்குல சேக்காத.

மாரித்: அதுக்கு முன்னாடியும் இதே சைஸ்தான். முப்பது வருஷமா பிள்ளைங்க கூடப் பனிச்சறுக்கு ஓடினவ நான். உன்ன வயித்துல சுமந்தப்பகூட இப்படி இல்ல.

சோல்வே: சரிங்க கோச்சம்மா. நாளைக்கு ஸ்கூல்ல உங்களுக்குப் பாராட்டு விருந்து. பைஜாமாவோட மேடை ஏறப் போறீங்களா?

மாரித்: போகப் போறதில்ல.

சோல்வே: ம்... அப்ப எதுக்கு ஆறு மாசம் கழிச்சு எனக்குப் போன் பண்ணி, துணி எடுக்க வான்னு கூப்பிட்ட?

மாரித்: போகலாம்னுதான் இருந்தேன். இந்தக் கண்ணாடியப் பாத்ததும்... என் பழைய டீம் பிள்ளைங்க எல்லாம் வருவாங்க. "சதைய வீட்டுல கழட்டி வச்சுட்டு வா"ன்னு கத்தினவடி நான், அவங்கள.

சோல்வே: அவங்கள மட்டுமா? சும்மா சொன்னேம்மா. கதவத் திற.

மாரித்: இந்தக் கடைக்காரம்மாவ உனக்கு எப்படித் தெரியும்?

சோல்வே: பதினாலு வயசுலேர்ந்து என் குண்டு உடம்புக்கு இங்கதான் துணி. நீ வெளிய கார்லயே உக்காந்திருப்ப.

மாரித்: பார்க்கிங் கிடைக்காதுன்னு...

சோல்வே: சனிக்கிழமை காலையில. டுலூத் மாதிரி சின்ன ஊர்ல. பார்க்கிங் கிடைக்கல.

மாரித்: ...சிரிக்காத.

சோல்வே: நான் சிரிக்கல. நீதான் சிரிக்கிற, எனக்குக் கேக்குது.

மாரித்: சிரிக்காம என்ன பண்றது? காலையில அதே ஓட்ஸ் கஞ்சி. மத்தியானம் சூப். ஏரி ஓரமா நடக்கறதையும் விடல, ஜனவரிக் குளிர்லகூட. ஆனா எடை மெஷின் முள்ளு ஏறிக்கிட்டே போகுது. நம்ப மாட்ட நீ.

சோல்வே: நான் நம்புவேன். என்னை விட்டா யார் நம்பப் போறா?

மாரித்: எடை குறைக்க ஒரு பொண்ணுகிட்ட ஆலோசனைக்கு அனுப்பினாங்க. உன்னவிடச் சின்னவ. நான் சாப்பிடறத எல்லாம் சொன்னேன். அவ தலைய ஆட்டிக்கிட்டே கேட்டுட்டு, "ராத்திரி எழுந்து எதையாச்சும் எடுத்துச் சாப்பிடறீங்களா, யோசிச்சுப் பாருங்க"ங்கறா. சிரிச்ச முகமா.

சோல்வே: நீ என்ன சொன்ன?

மாரித்: ஒண்ணும் சொல்லல. கார்ல வந்து உக்காந்து அழுதேன். நீ மொத மொதல்ல இப்படி அழுதது எந்த வயசுல, சோல்வே?

சோல்வே: ஒம்பது. நீ ஃபிரிட்ஜுக்குப் பூட்டு வாங்கிட்டு வந்த அன்னைக்கு. ஆனா எனக்குக் கார் இல்ல. பாத்ரூம்தான்.

மாரித்: தாழ்ப்பாளத் திறந்துட்டேன். வா உள்ள.

சோல்வே: அடக் கடவுளே, இத ஏன் இப்படி இழுத்துக் கட்டியிருக்க? மூச்சு விடும்மா. கைய எடு. இத மொதல்ல கழட்டு. இந்தா, இந்த நீலத்தைப் போட்டுப் பாரு.

மாரித்: என்ன சைஸ் இது?

சோல்வே: பாக்காத. நான் சீட்டக் கிழிச்சுட்டேன். கையத் தூக்கு.

மாரித்: காசு குடுக்கறதுக்கு முன்னாடியே கிழிச்சிட்டியா?

சோல்வே: எனக்கும் கடைக்காரம்மாவுக்கும் உள்ள ஏற்பாடு அது. திரும்பு... அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். திரும்பிப் பாக்காம கேளு.

மாரித்: சொல்லு.

சோல்வே: ஏப்ரல்லேர்ந்து ஞாயித்துக்கிழமை நான் வர்றதில்லையே, வேலை ஜாஸ்தின்னு சொன்னேனே. வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல.

மாரித்: ம்.

சோல்வே: டாக்டர் ஹாகன் என்னைக் கூப்பிட்டுப் பேசினாரு. நுரையீரல் சளிக்குன்னு உனக்குக் குடுத்த மருந்து இருக்கே, அது உன் குடல்ல இருந்த நல்ல கிருமியையும் சேத்து அழிச்சிடுச்சு. அந்த இடத்துல கெட்டது புகுந்துதான் நீ படுத்த படுக்கையாயிட்ட.

மாரித்: அது தெரியும். ஒரு நாளைக்கு இருபது தடவை போனவளுக்குத் தெரியாதா?

சோல்வே: அதுக்குத்தான் என் மலத்த வாங்கி, அதுல இருக்கற நல்ல கிருமிக்காக உன் குடலுக்குள்ள விட்டாங்க. மத்தவங்க பொண்ணுங்க அம்மாவுக்குப் பூங்கொத்து குடுப்பாங்க. நான் மூடி போட்ட டப்பாவுல...

மாரித்: வெளிய ஆள் நிக்குது, மெதுவாப் பேசு.

சோல்வே: மூணாவது நாளே எழுந்து உக்காந்து சூப் கேட்ட. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பொறந்ததுலேர்ந்து என் உடம்பால யாருக்கும் ஒரு நல்லது நடந்ததில்ல. இது நடந்துச்சுன்னு.

மாரித்: நடந்துச்சுதான்.

சோல்வே: கேளேன். இப்ப உன் குடல்ல இருக்கறது எல்லாம் என் கிருமி. சாப்பாட்டுலேர்ந்து உடம்பு எவ்வளவு உறிஞ்சணும், எவ்வளவு கொழுப்பாச் சேக்கணும்ங்கறதுல அதுக்கும் பங்கு இருக்காம். என்னை மாதிரி குண்டா இருக்கறவங்களோடத எலிக்குப் போட்டுப் பாத்திருக்காங்க. அதே தீனிதான், அந்த எலிக்குக் கொழுப்பு கூடியிருக்கு. உன் விஷயத்துல அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா இருக்கலாம்னாரு ஹாகன். உன்ன இப்படி ஆக்கினது நான்தாம்மா. அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படி வந்து உன் எதிர்ல உக்காருவேன்?

மாரித்: எனக்கும் சொன்னாரு. உனக்குச் சொல்றதுக்கு முன்னாடியே.

சோல்வே: ...தெரியுமா உனக்கு?

மாரித்: தெரியும்.

சோல்வே: தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கல?

மாரித்: என்னன்னு கேக்கறது? ஏன்டி என்னப் பொழைக்க வச்சன்னா?

சோல்வே: இன்னொண்ணும் இருக்கு. அவர் சொன்னதும் எனக்கு... சந்தோஷமாவும் இருந்துச்சு. கொஞ்சம். அப்ப நான் சோம்பேறி இல்ல, திருட்டுத்தனமாத் தின்னவ இல்ல, இந்தக் கிருமி இருந்தா என் அம்மா மாதிரி ஒருத்திக்கே இப்படித்தான் ஆகும்னு. நீ அழுதுட்டிருந்திருக்க, நான் சந்தோஷப்பட்டிருக்கேன்.

மாரித்: பட்டுக்கோ. உனக்கு வர வேண்டியதுதான் அது.

சோல்வே: அப்படிச் சொல்லாத, இன்னும் அழுகை வருது.

மாரித்: வரட்டும். ஜிப்ப மட்டும் முழுசா ஏத்திட்டு அழு... அட. இது மூடிக்கிச்சே.

சோல்வே: மூடும். நல்லா இருக்கும்மா உனக்கு. நெஜமாத்தான்.

மாரித்: இடுப்புகிட்ட உன்ன மாதிரியே இருக்கேன்.

சோல்வே: அதான் சொல்றேன். யாராவது ஒல்லியானவங்க குடுத்திருந்தா இந்தக் கதியே வந்திருக்காது. அன்னைக்கு உனக்கு வேற ஆளில்ல. அதுவரைக்கும் மூணு வருஷமா உன் வீட்டுப் பக்கமே வராதவளப் போய்க் கூப்பிட வேண்டியதாப் போச்சு. வேற யாரோடதாவது கிடைச்சிருந்தா...

மாரித்: இருந்துச்சு.

சோல்வே: என்ன இருந்துச்சு?

மாரித்: வேற ஒருத்தனோடது. இருபத்தொரு வயசுப் பையனாம், நோய் நொடி இல்லாதவனாம். சோதனையெல்லாம் முடிச்சு ஆஸ்பத்திரியிலேயே உறைய வச்சிருந்தாங்க. மறுநாளே குடுத்துடலாம்னாரு ஹாகன். நான்தான் வேணாம்னேன்.

சோல்வே: என்னம்மா சொல்ற? நீதானே போன்ல சொன்ன, உன்ன விட்டா ஆளே இல்லன்னு.

மாரித்: சொன்னேன். சாகப் போறேனோன்னு பயம், உன்னப் பாக்கணும் போல இருந்துச்சு. சும்மா வான்னு கூப்பிட எனக்கு வாய் வரலடி... இதுன்னா நீ மாட்டேன்னு சொல்ல மாட்ட.