பின்னால் வந்த சைக்கிள்

மணி மூன்றேகால். பிற்பகல்தான்... ராத்திரி இல்லை. இந்த மாதிரிக் கதை என்றாலே நடுச்சாமம் என்று நினைத்துக்கொள்வீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த மலையிடுக்கில் மூன்று மணிக்கே வெயில் போய்விடும். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. நடுவில் ஒரு சரளைப் பாதை. வலது கைப் பக்கம் கிடுகிடு பள்ளம், அடியில் ஆறு. பாறை சரிகிறது என்று மோட்டார் வண்டிகளுக்கு அந்தப் பாதையை மூடிப் பல வருஷம் ஆயிற்று. சைக்கிள்காரர்கள் மட்டும் போவார்கள்.

என்னோடு வேலை பார்க்கிற நண்பன் ஒருவனின் சித்தப்பாவுக்கு நடந்தது. சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நண்பர்கள் வைத்த பெயர் ‘காதுக்காரர்’. வண்டியைத் தொடவே மாட்டார். தெருவில் ஒரு நடை ஓட்டிக் காட்டச் சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக் கேட்பார். “பின் சக்கரத்துல ஒரு கம்பி லூசு. வால்வுக்குப் பக்கத்துல பாரு” என்பார். பார்த்தால் இருக்கும்.

அன்றைக்கு ஒன்பது பேர் போனார்கள். கணவாயைத் தாண்டி, மலையிடுக்கு வழியாக இறங்கி, மறுபக்கத் தார் ரோட்டைப் பிடிப்பதாகத் திட்டம். கூட்டத்துக்குத் தலைவி ஒரு டிராயிங் டீச்சர். அவர்தான் முன்னால். காதுக்காரர் எப்போதும் கடைசி. அது அவருக்குக் கொடுத்த வேலை. பஞ்சர் ஆனவன், மூச்சு வாங்குகிறவன், போட்டோ எடுக்க நிற்கிறவன் எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வர வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

அவருக்கு முன்னால் போனவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. அம்மா போனபிறகு அக்காதான் அவனை வளர்த்தாள். மலைப்பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவன் கூடவே இருப்பீங்கல்ல?”

“நான் அவன் பின்னாடியேதான் இருப்பேன். கவலப்படாத.”

மச்சினனுக்கு வாய் ஓயாது. ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவான், இறங்கும்போது கத்திப் பேசுவான். கடைக்கு வந்த ஒரு பெரியவர் தலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டே கடை முழுக்கக் கண்ணாடி தேடிய கதையைக் கணவாயிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டான்.

மலையிடுக்குக்குள் நுழைந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும்... காதுக்காரருக்கு அந்தச் சத்தம் கேட்டது.

பெடலை மிதிக்காமல் சைக்கிளை உருள விட்டால் பின் சக்கரத்தில் ‘டிக் டிக் டிக்’ என்று வருமே, அந்தச் சத்தம். தனக்குப் பின்னாலிருந்து. டிக், டிக், டிக்... ஒரு இடைவெளி... டிக். உள்ளே ஒரு பல் உடைந்திருக்கிறது என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. அப்புறம்தான் உறைத்தது. கணவாயிலேயே டீச்சர் தலை எண்ணியிருந்தார். எட்டுப் பேரும் முன்னால். பின்னால் யார்?

திரும்பிப் பார்த்தார். வெறும் பாதை. வளைவு. வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வேறு யாரோ ஊர் சுற்ற வந்தவராக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

“மாப்ள, பின்னாடி யாரோ வர்ற மாதிரி இருக்கா?”

“ஒண்ணும் கேக்கல மாமா. உங்க காதுக்கு ஓய்வு குடுங்க.”

அந்த நேரம் பார்த்து மச்சினனுக்கு முன் சக்கரம் பஞ்சர். இரண்டு பேரும் நின்றார்கள். நின்ற அதே நொடி... பின்னால் வந்த சத்தமும் நின்றது.

டியூபை மாற்றிக்கொண்டிருக்கும்போது தூறல் விழுந்தது. பத்து நிமிஷம் இருக்கும். சரளை மேல் கிடந்த தூசியெல்லாம் நனைந்து, முன்னால் போனவர்களின் டயர்த் தடங்கள் அழிந்து, பாதை மெழுகிவிட்ட மாதிரி ஆயிற்று. கீழே ஆற்றின் இரைச்சல். ஈரப் பாறையின் வாடை. அதோடு சேர்ந்து இன்னொரு வாடை... ரப்பர் கருகும் நாற்றம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் வருமே, அது.

வளைவுக்கு அந்தப் பக்கம் ‘கிரீச்’ என்று ஒரு பிரேக் சத்தம். பிறகு யாரோ முனகுவது போல... இருமுவது போல...

“யாருங்க?” காதுக்காரர் கூப்பிட்டார். “அடி ஏதும் பட்டிருச்சா?”

மறுபடி முனகல்.

அந்த இடத்தில் அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று நாம் இங்கே போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடலாம். அவருக்கோ பத்து வருஷப் பழக்கம். பின்னால் ஒருவன் விழுந்து கிடக்கிறான் என்றால் அவனை விட்டுவிட்டு அவரால் நகர முடியாது.

“மாப்ள, நீ மெதுவா இறங்கு. அரைக் கிலோமீட்டர்ல இரும்புப் பாலம் வரும். அங்க நில்லு. பாலத்தத் தாண்டாத. நான் என்னன்னு பாத்துட்டு வந்துர்றேன்.”

“சீக்கிரம் வாங்க மாமா. தனியா நிக்க எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். போய்விட்டான்.

காதுக்காரர் வளைவு வரை நடந்தார். யாரும் இல்லை. ஆனால் நனைந்த பாதையில், தூறல் நின்ற பிறகு பதிந்த தடம் ஒன்று இருந்தது. ஒற்றைச் சைக்கிள். மேலிருந்து நேராக இறங்கி வந்து, வளைவில் நின்றிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். சைக்கிள் நின்றால் ஓட்டுகிறவன் கால் ஊன்ற வேண்டும் இல்லையா? இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். ஒரு கால் தடம்கூட இல்லை. திரும்பிப் போன தடமும் இல்லை. தடம் அந்த இடத்தோடு முடிந்துவிட்டது.

அப்போது... டிக், டிக், டிக்... டிக்.

பின்னாலிருந்து இல்லை. கீழேயிருந்து. மச்சினன் போன பக்கத்திலிருந்து.

மலையிடுக்கில் சத்தம் எப்படி நடமாடும் என்று போனவர்களுக்குத் தெரியும். அரைக் கிலோமீட்டர் தள்ளிப் பேசினாலும் பாறை அதைக் கொண்டுவந்து காதில் வைக்கும். மச்சினனின் குரல் அப்படித்தான் வந்தது. நிதானமாக... பக்கத்தில் வருகிறவரிடம் பேசுகிற குரலில்.

“என்ன மாமா, அதுக்குள்ள வந்துட்டீங்க?”

காதுக்காரர் இன்னும் மேலே, அந்த வளைவில்தான் நின்றுகொண்டிருந்தார்.

“யாரும் இல்லையா அங்க? நான்தான் சொன்னேன்ல.” சிரிப்பு. பிறகு, “ஏன் மாமா பேசவே மாட்டேங்கிறீங்க?”

அவர் ஓடிவந்து சைக்கிளை எடுத்தார். தொண்டை கிழியக் கத்தினார்.

“டேய் மாப்ள! அது நான் இல்லடா! நான் இங்க இருக்கேன்டா!”

பாறை அந்தச் சத்தத்தை உருட்டி, புரட்டி, கீழே எறிந்தது. இருக்கேன்டா... இருக்கேன்டா... கடைசித் துண்டு மட்டும்தான் அவனிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

“தெரியுது மாமா,” என்றான் அவன். “பக்கத்துலதான இருக்கீங்க. ஏன் கத்துறீங்க?”

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அதுவும் அவன் பக்கத்தில் வருகிறதுக்குத்தான் உதவும் என்று புரிந்துவிட்டது. பிரேக்கைத் தொடாமல் இறங்கினார். சரளைக் கல் தெறித்து முழங்காலில் அடித்தது. நடுவில் இன்னொரு தடவை குரல் வந்தது. கொஞ்சம் குழப்பமாக.

“என் வண்டிய இங்கயே சாத்திட்டு உங்க வண்டில ஏறணுமா? எதுக்கு மாமா?”

அப்புறம், சின்னப் பிள்ளை பெரியவர் பேச்சுக்குக் கட்டுப்படுகிற மாதிரி...

“சரி.”

அவ்வளவுதான்.

அவர் பாலத்தை அடையும்போது மச்சினனின் சைக்கிள் பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. விழுந்த வண்டி மாதிரி இல்லை. பத்திரமாக, ஹேண்டிலைத் திருப்பி, சாய்த்து. ஹெல்மெட் அதில் தொங்கியது. கீழே எட்டிப் பார்த்தார். ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர். ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

பாலம் வரை இரண்டு தடங்கள் அருகருகே வந்திருந்தன, இருவர் பேசிக்கொண்டு வருகிற மாதிரி. பாலத்துக்கு அப்பால் ஒரு தடம். அந்த ஒரு தடம்... பதிவு ஆழமாக இருந்தது. இரண்டு ஆள் பாரம் ஏற்றிய வண்டியின் பதிவு. அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எத்தனை டயர் பார்த்தவர்.

அந்தத் தடத்தை ஒட்டியே நாலு கிலோமீட்டர் ஓட்டினார். மலையிடுக்கு முடிகிற இடத்தில் ஒரு தடுப்புக் கம்பி. அங்கே ஏழு பேரும் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். தடம் அவர்கள் நின்ற இடத்தைத் தாண்டிப் போய், தார் ரோட்டில் ஏறி மறைந்திருந்தது.

“மாப்ள வந்தானா?”

“இல்லையே. உங்க கூடத்தான வந்தாரு?” என்றார் டீச்சர்.

ஐந்து நாள் தேடினார்கள். போலீஸ், கயிறு, நாய், எல்லாம் வந்தது. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. குரலைப் பற்றி அவர் போலீஸிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வார்?

வீட்டில் மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தாள். தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

“கடைசியா அவன் என்ன சொன்னான்?”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

“சரின்னான்.”

“யாருகிட்ட?”

அவர் தலை நிமிரவில்லை. “எங்கிட்டதான் சொல்றதா நெனச்சு.”

அவள் எழுந்து போய்த் தம்பியின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு அந்த அறையில்தான் படுக்கை. அவரோடு பேச்சு இல்லை. ரிப்பேர் கடையையும் அந்த வருஷமே மூடிவிட்டார். எந்தச் சக்கரம் சுற்றினாலும் கேட்க முடியவில்லை என்று என் நண்பனிடம் சொன்னாராம்.

இதில் ஒரு விஷயம் அவருக்கே ரொம்ப நாள் தெரியாது. டீச்சர் ஒரு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தபோது சொன்னது. வாசலிலேயே நின்றுகொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாராம்.

“அன்னிக்கு நாங்க ஏழு பேரும் பாதைய அடச்சுக்கிட்டுதான் நின்னோம். யாரும் வரல, சத்தியமா யாரையும் பாக்கல. ஆனா ஒரு நேரத்துல... ஏழு பேரும் ஒண்ணா ஓரமா ஒதுங்கினோம். வழி விடற மாதிரி. யாரும் யாருக்கும் சொல்லல. ஒதுங்கிட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.”

பிறகு தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.

“போற போக்குல... இங்க ஒரு கை பிடிச்சு இழுத்துச்சு. வண்டில இருந்து இறங்கணும்னு பிடிக்கிற மாதிரி. நான் உதறிட்டேன்.”