மெழுகுவர்த்தியின் மீது பழி

பீர் ஆலையில் வேலை பார்க்கிறவன் குடிகாரனாகத்தான் இருப்பான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஐயா. நான் டீ குடிக்கிறவன். நீங்கள் கொடுத்த டீ நன்றாகவே இருக்கிறது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

ஆலையில் நான் ஈஸ்ட் மேஸ்திரி. மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்தான் பீரையும் நுரைக்க வைக்கிறது. ஆலையைத் தொடங்கிய பெரியவரின் மனைவி, வெள்ளத்தில் வீடு போனபோது நகைப்பெட்டியை விட்டுவிட்டு, ஈஸ்ட் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூரை ஏறினாராம். அந்தப் பானையின் வம்சம்தான் நூற்றைம்பது வருஷமாக எங்கள் தொட்டிகளில் பொங்குகிறது. பாட்டிலில் பானையும் பெண்ணுமாகப் படம் இருக்குமே, அதுதான். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நான்தான் இந்தக் கதையைச் சொல்வேன். கூரை ஏறுகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

உண்மையில் அந்த ஈஸ்ட் செத்துப் பல வருஷமாகிறது. ஒரு கோடையில் குளிர்பதன மெஷின் படுத்துவிட்டது. காவலுக்கு இருந்த நான் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் பானை நாறுகிறது. அன்று கூட இருந்தது என் மச்சினன், மனைவியின் தம்பி. தொட்டி கழுவுகிறவன். வாயைத் திறந்தால் பொங்கி வழிவான் என்பதால் அவனுக்கு நுரை என்று பெயர். மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமா, மகராசி போய்ச் சேந்துட்டா."

"வாய மூடுடா. இப்ப என்ன பண்றது?"

"முக்குல இருக்கிற ரொட்டிக் கடைல ஒரு கட்டி ஈஸ்ட் வாங்கிட்டு வரேன். பொங்கறதுதானே வேல? யாரு பொங்குனா என்ன?"

வாங்கி வந்தான். அந்த வருஷத்துப் பீருக்குப் பரிசு கிடைத்தது. முதலாளியம்மா என் கையைக் குலுக்கி, "பழசு பழசுதான்யா" என்றார்.

யாருக்கும் நஷ்டமில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது. ஆலையின் வரலாற்றைப் புத்தகமாகப் போட முதலாளியம்மா ஒரு எழுத்தாளர் அம்மாவை அமர்த்தினார். அட்டையில் பானையோடு என் படம். அதற்கென்று புதுச் சட்டை தைத்தேன். அந்த அம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். நுரையின் முறையும் வந்தது.

"நாளைக்கு மத்தியானம் வரச் சொல்லிருக்காங்க மாமா. ரொட்டிக் கடை கதைய எடுத்து விடப்போறேன். அந்தம்மா சிரிச்சே உருளப்போவுது."

"வேணாம்டா."

"அட போங்க மாமா. கூரை ஏறுனத விட இது நல்ல கதை."

அந்தப் பானையை நம்பி முந்நூறு குடும்பம் பிழைக்கிறது, ஐயா. பாட்டிலில் ரொட்டிக் கடைக்காரர் படத்தையா ஒட்ட முடியும்? நான் யோசித்தது அந்தக் குடும்பங்களுக்காகத்தான். சட்டைக்காக இல்லை.

காலி செய்த தொட்டியின் அடியில், பீர் பொங்கும்போது வருகிற கரியமில கேஸ் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது. நாலு மூச்சில் ஆள் விழுவான். அதனால் முதலில் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் விசிறி போட்டுக் காத்திருக்க வேண்டும். இறங்குகிறவன் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது பெரியவர் காலத்து வழக்கம். வேலையை முடித்து வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் அவன் கண்ணுக்கு அணைந்ததுகூட எரிவதாகத் தெரியுமல்லவா? அவன் ஏணியடியில் முதுகைத் திருப்பி நிற்பான். மெழுகுவர்த்திக்காரன் மேலே நின்று பார்த்துச் சொல்வான். அந்த மெழுகுவர்த்திக்காரன் நான். என் சொல்லை நம்பி இறங்கிய ஒருவனுக்கும் தும்மல்கூட வந்ததில்லை.

மறுநாள் காலை நல்ல வெயில். நுரை முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தான். மெழுகுவர்த்தியை இறக்கினேன். பாதி ஆழம் போவதற்குள் அணைந்தது.

"எரியுதா மாமா?"

"எரியுதுடா. இறங்கு."

கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். அவன் ஏணியில் ஏறி வந்து, விளிம்பில் கால் போட்டுக்கொண்டே, "மத்தியானம் உங்க வீட்லதான் சாப்பாடு, அக்காட்ட சொல்லிருங்க" என்றான். சரி என்றேன். கொஞ்ச நேரத்தில் துடைப்பம் விழுகிற சத்தம் கேட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த இரண்டு பேர் உள்ளே இறங்கப் பார்த்தார்கள். இருவரையும் இடுப்போடு கட்டிப் பிடித்து நிறுத்தினேன். இறங்கியிருந்தால் அவர்களும் போயிருப்பார்கள். அன்று நான் இரண்டு உயிரைக் காப்பாற்றினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி அவனுக்கும் சேர்த்தே உலை வைத்திருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு எழுத்தாளர் அம்மா வீட்டுக்கு வந்து, அச்சுக்குப் போகிற ஒரு பக்கத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினார். ரொட்டிக் கடைக் கதை முழுசாக இருந்தது. அவனுக்கு மறுநாள்வரை பொறுக்கவில்லையாம். முந்தின சாயங்காலமே போய்க் கொட்டிவிட்டான். ஒன்றை மட்டும் மாற்றியிருந்தான். "காவலுக்கு இருந்து தூங்குனது நான்தாம்மா. மாமாவுக்கு ஒண்ணுமே தெரியாது. அவர்கிட்ட சொல்லிறாதீங்க, மனசு ஒடஞ்சிருவாரு."

முதலாளியம்மா அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். இனி பாட்டிலில் பானைக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டியும் இருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அட்டைப்படம் மாறவில்லை. நான்தான்.

இதற்காகவெல்லாம் நான் ஸ்டேஷனுக்கு உங்களைத் தேடி வரவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரிகள், மெழுகுவர்த்தி எரிந்தும் ஆள் செத்திருக்கிறான், அதை நம்ப முடியாது, இனி மெஷின் வைத்துப் பாருங்கள் என்று எழுதிவிட்டுப் போனார்கள். புத்தகத்தின் கடைசி அத்தியாயத்திலும் அப்படியே வரப்போகிறது. நூற்றைம்பது வருஷம் எங்களுக்காக உழைத்தது அது. அன்றைக்கும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அணைந்தது. எரிகிறது என்று சொன்னவன் நான்.

அதைத் திருத்தச் சொல்லுங்கள், ஐயா. எங்கள் ஆலையின் வரலாற்றில் பொய் இருக்கக் கூடாது.