சீதா விதை

சீதாப்பழத்தை எல்லோருக்கும் பிடிக்கும். அதன் பூவை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பச்சையாக, இலையோடு இலையாகத் தலைகுனிந்து தொங்கும். நான் பார்த்திருக்கிறேன். சீதாவின் தாவரக் குடும்பத்து மரம், செடி எல்லாவற்றையும் உலர்த்தி அட்டையில் ஒட்டுவதுதான், கல்லூரித் தாவரவியல் கூடத்தில் ஒன்பது வருடங்களாக என் வேலை. கொம்பின் இருபுறமும் மாறி மாறி ஒற்றை இலை. தடித்த இதழ்கள், மும்மூன்றாக இரண்டு அடுக்கு. பலவற்றில் உள்ளடுக்கு பெயருக்குத்தான் இருக்கும். ஒரே பூ முதலில் பெண்ணாக இருக்கும், பிறகு ஆணாகும். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை. நல்ல ஏற்பாடு.

என் தங்கையை அங்கே வேலைக்கு அழைத்து வந்ததும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒட்டுவதை அவள் வரைவாள். பூவை நெடுக்காக வெட்டி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மகரந்தத் தாள்களை ஒன்று விடாமல் வரைவாள். ஆறே மாதத்தில், வரப்போகும் புத்தகத்தில் அவள் பெயரையும் போடுவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

"உன் தங்கச்சிக்கு இருக்கிறது கண்ணே இல்லம்மா, அதுவே ஒரு லென்ஸு" என்றார் என்னிடம். நான் நகராமல் நின்றதைப் பார்த்து, "நீயும் நல்லாத்தான் ஒட்டுறே" என்றார்.

"பசையை மட்டும் கொஞ்சம் கம்மியா போடுக்கா. பூவெல்லாம் முங்கிச் சாகுது" என்றாள் தங்கை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சீதா விதை முழுதாக இருக்கும்வரை பரம சாது. உடைத்தால்தான் குணம் மாறும். அலமாரியில் பூச்சி அண்டாமலிருக்க அதைப் பொடித்துத் தூவுவோம். முழங்கை வரை கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று விதை பொடித்த உரலைத் துடைத்த துணியால் அவளுடைய லென்ஸின் விளிம்பையும் துடைத்து வைத்தேன். தூசியாக இருந்தது.

சற்று நேரத்தில், "அக்கா, கண்ணு எரியுது. ஏதாச்சும் துணி குடேன்" என்று கண்ணை மூடியபடி கையை நீட்டினாள். கொடுத்தேன். அதே துணிதான். இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்தாள். தண்ணீர்க் குழாய் வெளியே இருந்தது. நான் மெதுவாகத்தான் நடந்தேன்.

இனிப் பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். செய்தது நான் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவள்மேல் எனக்குப் பொறாமை என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். சிறுவயதில்கூட என் கையை உதறிவிட்டு ஓடியவள், இந்த மூன்று வாரமாக என்னைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததே இல்லை.