வானுக்குத் தண்ணீர் ஏறிய அந்தக் குழாய்க் காட்சி

விண்ணை அளந்த விழியே! வெறுங்கோட்டில் வெள்ளம் ஓடச் செய்த விரலே! குடிநீர் வாரியத்தின் வரைவுப் பிரிவுக்கு வாய்த்த விண்வெளி வள்ளலே! பணி ஓய்வு பெறும் எங்கள் தலைமை வரைவாளர் ஐயா அவர்களே!

மனிதகுலம் முதன்முதலாகத் தலை நிமிர்ந்து விண்மீன்களைக் கண்ட கணம் தொடங்கி இன்றுவரை, அண்டவெளி பற்றி எழுந்த எண்ணங்களிலெல்லாம் ஏற்றமுடையவை, இந்தக் கட்டடத்தின் பின்கட்டில், கழிப்பறைக்கும் பண்டகசாலைக்கும் நடுவிலுள்ள நீலநகல் அறையில், மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்தவையே என்று நாங்கள் துணிந்து சொல்வோம். எழுந்தவை எண்ணங்கள் மட்டும்தான். நாங்கள் யாரும் எழுந்ததாக நினைவில்லை.

தங்கள் பணியின் பெருமையைப் பத்தி பத்தியாகப் பாட எங்களுக்கு ஆசைதான். ஆனால் தங்கள் வேலையோ புகழ் முழுவதும் மண்ணுக்குள் புதைந்துபோகிற வேலை. பாலம் கட்டியவர் பெயரைக் கல்லில் பொறிக்கிறார்கள். குழாய் வரைந்தவரைக் குழாய் உடைந்த இரவில் மட்டும் நினைக்கிறார்கள். எந்தத் தெருவில் எந்தக் குழாய் எவ்வளவு ஆழத்தில் எந்தப் பக்கம் வளைகிறது என்பது தங்கள் தலைக்குள் இருந்த காரணத்தால், தங்கள் தலை தலையணையில் தங்கியதே இல்லை. தொலைபேசி அடிக்கும், தாங்கள் கண்ணைத் திறக்காமலே, “பேக்கரி முக்குல வால்வு இருக்கு, இடது பக்கம் தோண்டு” என்பீர்கள். தண்ணீர் நிற்கும். போன தூக்கம் திரும்பாது.

தங்கள் துணைவியார் ஒருமுறை எங்கள் தட்டச்சரிடம் சொன்னது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. “வீட்டுல மனுஷன் கண்ணை மூடுறதே இல்லம்மா. ஃபோன் அடிக்கலைன்னா, ஏன் இன்னும் அடிக்கலைன்னு முழிச்சுக்கிட்டு கிடப்பாரு. அந்த சினிமா ஆராய்ச்சி இருக்கிற சனிக்கிழமை மட்டும் மூஞ்சியை அலம்பி வெச்ச மாதிரி வர்றாரு. கலைன்னா அப்படி ஒரு சக்தி போல.”

அந்தக் கலைக்குத் தாங்கள் கண்ட கோயிலே ‘பழைய விண்வெளிப் படங்கள் ஆய்வு வட்டம்’. வரைபடங்களை நகலெடுக்கக் கறுப்புத் திரை போட்டுப் பகலை இருட்டாக்கிய அறை. இரும்புக் கதவு. கைபேசியில் ஒரு கோடுகூடச் சிக்னல் ஏறாது. நகல் இயந்திரத்தின் இளஞ்சூடும் அமோனியா வாடையும் கலந்து, உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடம் பூமியின் ஈர்ப்பு குறைவதை உடலெங்கும் உணரலாம். இமைகளில் மட்டும் அது கூடும்.

ஆய்வென்றால் அது ஆய்வு. மேலோட்டமாக ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கலைந்துபோகும் கூட்டமல்ல நாம். ஒரு படத்தில், மாதக்கணக்கில் பயணம் செய்யும் விண்கலத்தில் எட்டுப் பேர் இருக்க, ஒரு கழிப்பறைகூடக் காட்டப்படாததைத் தாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தீர்கள். “சாப்பிடுறாங்க, குடிக்கிறாங்க, சண்டை போடுறாங்க. கழிவுநீர் எங்கப்பா போகுது?” என்று தாங்கள் கேட்டபோது அந்தப் படத்தின் மொத்த எதிர்காலமும் எங்கள் கண்முன்னே ஆட்டங்கண்டது. வேற்றுக்கோள் தூதர்கள் ஏன் எப்போதும் திறந்த மைதானத்திலேயே இறங்குகிறார்கள் என்று நகல் இயந்திரக்காரர் கேட்டதற்கு, “அடியில நம்ம மெயின் பைப் போகாத இடம் அது ஒண்ணுதான்” என்று விடை தந்தீர்கள். அவ்வளவு அறிவுள்ள இயந்திர மனிதனுக்கு நெஞ்சில் எதற்கு அத்தனை விளக்கு என்ற வாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

ஆயினும் எல்லாப் படங்களையும் பின்னுக்குத் தள்ளியது, பழம்பொருள் கடையில் தாங்களே தேர்ந்து வாங்கிவந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு வறண்ட கோளுக்குத் தண்ணீர் சுமந்து போகிறது ஒரு கப்பல். கேப்டன் வயதானவர், பேச்சு குறைவு. போகும் தூரம் அதிகமென்பதால் மாலுமிகள் ஒவ்வொருவராகக் கண்ணாடிப் பேழைக்குள் படுத்து உறங்கப் போகிறார்கள். கடைசியாகக் கேப்டன் விளக்குகளை அணைத்துவிட்டு, தம் பேழைக்குள் படுத்து, மெல்லக் கண்மூடுகிறார். இதுவரை எங்கள் எல்லோருக்கும் துல்லியமாக நினைவிருக்கிறது.

இதன்பிறகு தாங்கள் எங்களுக்குக் கற்பித்த முறையில், கண்ணை மூடிக் கூர்ந்து கவனிப்போம்.

முதல்முறை படம் முடிந்து விளக்குப் போட்டதும் தாங்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அந்தக் குழாயைக் கவனிச்சீங்களா?” என்றீர்கள். கவனிக்கவில்லை என்று சொல்லும் துணிவு எவருக்கு வரும்? தாங்களே விவரித்தீர்கள்: கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த வெண்மண். நடுவில் தன்னந்தனியாக ஒரு பித்தளைக் குழாய். கேப்டன் நடந்து வருகிறார், நடக்க நடக்கக் குழாய் தள்ளிப்போகிறது. கடைசியில் தொட்டுத் திறக்கிறார். தண்ணீர் கீழே விழவில்லை. மேலே போகிறது. சத்தமே இல்லாமல், ஒரு வெள்ளி நூலாக, வானத்தில் நிற்கும் கப்பலை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஐயா, நாங்கள் பொய்யர்கள் அல்லர். அடுத்த மாதம் நாங்களும் அதை நிஜமாகவே பார்த்தோம். அதில் திருகு சக்கரம் இருந்ததை நகல் இயந்திரக்காரர் கண்டார். கைப்பிடிதான் இருந்ததென்று கணக்கர் சண்டைக்கே வந்தார். “குழாய் பக்கத்துல ஒரு அம்மா குடத்தோட நின்னாங்க. எங்கம்மா கட்டுற மாதிரியே முந்தானையை இடுப்புல சொருகி இருந்தாங்க” என்றார் தட்டச்சர். ஒரே காட்சி ஆளுக்கொரு விதமாகத் தெரிவதே செவ்வியல் படத்தின் இலக்கணம் என்று தாங்கள் தீர்ப்பளித்தீர்கள்.

இத்தகைய தவச்சாலைக்கும் ஒரு தடை வந்தது. பண்டகசாலைக் கண்காணிப்பாளர், காலி டப்பாவைக்கூடப் பூட்டி வைப்பதால் நம் எல்லோராலும் ‘பூட்டு’ என்று அன்போடு அழைக்கப்படுபவர், பழுதான தண்ணீர் மீட்டர்களை அடுக்க அந்த அறையைக் கேட்டார். “செத்துப்போன மீட்டருக்குப் படுக்க இடமில்ல. இவங்களுக்கு விண்வெளி கேக்குது” என்று நடைபாதையில் நாலு பேர் கேட்கச் சொன்னார். புதிதாகப் பொறுப்பேற்றிருந்த நிர்வாகப் பொறியாளர் அம்மையார், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியவர், நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்.

அந்த வாரம் தாங்கள் பட்ட பாட்டை நாங்கள் அறிவோம். வரைபலகை முன்னால் நின்று பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தீர்கள். ஒரு கோடு விழவில்லை. “அறை போச்சுன்னா வேற எங்கயாவது போட்டுப் பாக்கலாமே சார்” என்று உதவி வரைவாளர் ஆறுதல் சொன்னதற்கு, “வேற எங்கயும் எனக்குப் படம் ஓடாதும்மா” என்றீர்கள்.

சனிக்கிழமை வந்தது. அம்மையார் முன்வரிசையில் அமர்ந்தார்.

“எல்லாரும் சொல்றீங்களே, அந்தக் குழாய் சீன் எப்ப வரும்?”

“ரெண்டாவது பாதியிலம்மா. தன்னால வரும்.”

“வந்ததும் சொல்லுங்க. எனக்கு நாலு மணிக்கு ஃபைல் இருக்கு.”

கப்பல் கிளம்பியது. மாலுமிகள் படுத்தார்கள். கேப்டன் விளக்கை அணைத்தார். திரையிடும் பெட்டியின் காற்றாடி ஒரே சுருதியில் பாடியது. ஒளிக்கற்றையில் தூசிகள் விண்மீன்களாக மிதந்தன. அதற்குமேல் எங்களுக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம், வெண்மண்ணும் பித்தளைக் குழாயும் மேலேறும் தண்ணீருமே.

‘பூட்டு’ தம் சாவிக்கொத்தால் இரும்புக் கதவைத் தட்டிய சத்தத்தில் விளக்குப் போட்டோம். அலுவலகம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அம்மையார் எழுந்து நின்றார். கன்னத்தில் நாற்காலிப் பிரம்பின் பின்னல் அச்சுப் பதிந்திருந்தது. பூட்டு, மீட்டர் வண்டியோடு வாசலில் நின்றார்.

அம்மையார் கண்ணைக் கசக்கிக்கொண்டு, யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார்: “குழாயைத் திறந்ததும் குழந்தை அழுகையை நிறுத்திடுச்சு. கவனிச்சீங்களா?”

படத்தில் குழந்தை உண்டென்று எங்கள் ஆய்வு வட்டம் அன்றுவரை அறிந்திருக்கவில்லை. தாங்கள் இமை கொட்டாமல் சொன்னீர்கள்: “அதுதாம்மா படத்தோட உயிரே.”

“பொறந்ததிலருந்து இன்னிக்குத்தான் நிறுத்தியிருக்கு” என்று மெல்லச் சொன்ன அம்மையார், வாசலைத் திரும்பிப் பார்த்தார். “மீட்டரை எல்லாம் வராண்டாவுல வைங்க. மழை வந்தா நனையட்டும். தண்ணி மீட்டர்தானே.”

அன்று தப்பியது அறை. அன்றிலிருந்து அம்மையார் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. வெற்றியில் வீம்பு காட்டாத தாங்கள், மறுமாதமே பூட்டையும் கைபிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தீர்கள். படம் முடிந்ததும், “கப்பலோட எஞ்சின் சத்தம் இந்தத் தடவை அபாரம்” என்று கணக்கர் வியந்தார். அது பூட்டின் குறட்டை என்பதை ஆய்வு நாகரிகம் கருதி எவரும் சொல்லவில்லை.

வரைகோலை வைத்துவிட்டு வீடு திரும்பும் வித்தகரே! இனி ஊரில் குழாய் உடைந்தால் தொலைபேசி உதவி வரைவாளருக்கு அடிக்கும். அவர் பயந்துகொண்டுதான் இருக்கிறார், ஆனாலும் எடுப்பார். தாங்கள் நினைவாகச் சுமந்த குழாய்களையெல்லாம் தாளில் இறக்கித் தரும்வரை தாங்கள் ஓயவில்லை. ஆகவே தாங்கள் தலையணையில் தலைவைத்து, திரையில்லாமல், பெட்டியில்லாமல், வேண்டிய மட்டும் படம் பார்க்கலாம். நோயணுகா உடலும், நொடிப்பொழுதில் வரும் உறக்கமும், துணைவியார் துணையும் நீடூழி நிலைக்க நெஞ்சார வாழ்த்துகிறோம்.

இந்த மடலோடு, எங்கள் பிரிவினர் கூடி வரைந்த அந்தக் குழாயின் முழு அளவு வரைபடத்தையும் சட்டமிட்டு அளிக்கிறோம். சண்டை தீராததால் சக்கரம், கைப்பிடி இரண்டும் இருக்கின்றன. குடத்தோடு அம்மா இருக்கிறார். குழந்தையும் இருக்கிறது. தண்ணீர் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி மேல்நோக்கி இருக்கிறது. அதற்கு நேராக நிர்வாகப் பொறியாளர் அம்மையார் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்திட்டிருக்கிறார்.

முதல் சனிக்கிழமைகளில் தங்கள் நாற்காலியைக் காலியாகவே வைத்திருக்கப்போகும்,
வரைவுப் பிரிவு ஊழியர்கள்

பின்குறிப்பு: வரைபடத்தோடு அந்தப் படத்தின் புதுநகல் ஒன்றையும் தர விரும்பி, உதவி வரைவாளர் அந்தப் படத்தின் குறுவட்டைத் தம் வீட்டுக்கு எடுத்துப்போனார். காலையில் பல் துலக்கியபடி, நின்றுகொண்டே பார்த்தார். பேழைக்குள் கேப்டன் கண்மூடியதும் திரை கறுத்தது. வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது. அவருடைய கணவர் வந்து வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல இவ்வளவுதான் இருக்கு” என்றார். அந்த வட்டில் பாதிப் படம்தான் இருக்கிறது.